தபால் பையில் தொலைந்த கடிதம்

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்பில் நான் கலைப்பிரிவு எடுத்தது ஆசைப்பட்டு அல்ல. நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லை; படிப்பதென்றால் ஹட்டனில் தங்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. பேச்சு அதோடு முடிந்தது.

சரி, பரீட்சைப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் என் இசட் புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டியது. ஆனால் அனுமதிக் கடிதம் வரவில்லை. கூடப் படித்தவனுக்குப் போன கிழமையே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு தோட்ட ஆபீசுக்கு ஓடினேன். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாத் தபாலும் ஆபீசுக்குத்தான் வரும். "கங்காணிகிட்ட அப்பவே குடுத்தாச்சே தம்பி" என்றார் கிளாக்கர். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி அதைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் என் பெயரே உள்ள இன்னொருவரின் வீட்டில் கொடுத்திருக்கிறார். அடகுக்கடை நோட்டீஸ் என்று பயந்து, பிரிக்காமலே சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். உறையின் ஒரு மூலையில் விபூதி. பதில் அனுப்ப இரண்டே நாள் இருந்தது. அம்மா சீட்டுக்காரியிடம் கைமாற்று வாங்கினார், அப்பா ஒரு நாள் பேரை (அன்றைய சம்பளத்தை) விட்டார், இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய்க் கையாலேயே கொடுத்தோம்.

அடுத்தது மஹாபொல புலமைப்பரிசிலுக்கான வருமானச் சான்றிதழ். வீடு சொந்தமா, வாடகையா என்று கிராம சேவகர் கேட்டார். நான்கு தலைமுறையாக இருக்கிறோம், இரண்டும் இல்லை. பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தவர், கடைசியில் 'தோட்டம்' என்று எழுதினார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் மார்க்சியக் கல்விச் சிந்தனை படித்தோம். பள்ளிக்கூடத்தின் ஒழுங்கு வேலைத்தளத்தின் ஒழுங்கையே ஒத்திருக்கிறது என்று பவுல்ஸ், கின்டிஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1976இல் எழுதியிருந்தார்கள். வகுப்பில் பலருக்கு அது புதிய செய்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. என் பாட்டி மூன்றாம் வகுப்புவரை படித்த பள்ளியை நடத்தியதே தோட்டம்தான். இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் 1970களில்தான் பொறுப்பேற்றது. அதுவரை, படித்த பிள்ளை கொழுந்து பறிக்க வராது என்பது தோட்டத்தை நடத்திய துரைக்குத் தெரியாதா என்ன? 'திறமை இருந்தால் மேலே வரலாம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் அந்த விபூதி உறைதான் ஞாபகம் வரும்.

இந்த வருடம் தங்கச்சி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள். இப்போது எல்லாம் இணையத்தில். சிக்னல் கிடைப்பது, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மட்டும். விலாசம் கேட்ட இடத்தில், ஹட்டனில் நண்பன் வைத்திருக்கும் கடையின் விலாசத்தைப் போடச் சொன்னேன்.