ஸ்கீ ஜாக்கெட், பேன்ட்: அளவு பார்க்க நேராக நிற்காதீர்கள்

ஸ்கீ ஜாக்கெட் வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கண்ணாடி முன் நேராக நின்று, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, தோளும் வயிறும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். பனிச்சரிவில் யாரும் அப்படி நிற்பதில்லை. முழங்கால் மடங்கியிருக்கும், உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், கைகள் இரண்டும் கோல்களோடு முன்னே நீண்டிருக்கும். தலையில் ஹெல்மெட், காலில் கணுக்காலை அசையவே விடாத பூட்ஸ். ஸ்னோபோர்டு என்றால் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டுவதற்கும் இளைப்பாறுவதற்கும் அடிக்கடி பனியிலேயே உட்கார வேண்டும், மண்டியிட வேண்டும். அளவை அந்த நிலைகளில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நல்ல துணி என்றால் பனி அதைத் துளைத்துக்கொண்டு வருவது குறைவு. மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால், கழுத்து என்ற நான்கு இடங்களில் விழும் இடைவெளி வழியாகத்தான் அது உள்ளே வருகிறது. கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாத் துணியில் தைத்த ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்திருந்தாலும், விழுந்து சறுக்கும்போது அதன் முதுகுப்பக்கம் மேலேறிவிட்டால் ஒரு கை பனி பேன்ட்டுக்குள் போய்விடும். அது உருகி உள்ளாடை நனைந்தபின் அன்றைய நாள் முழுக்க நடுக்கம்தான்.

கடைக்குப் போகும்போதே உள்ளே போடப்போகும் துணிகளை எடுத்துக்கொண்டு போங்கள். உடம்போடு ஒட்டும் தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ், கையுறை, முடிந்தால் ஹெல்மெட். தெர்மல் மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. சட்டைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து வாங்கினால், ஃப்ளீஸோடு போடும்போது அக்குளில் இறுக்கும்.

எல்லாம் போட்டபின் முதலில் உங்களையே கட்டிப்பிடித்துக்கொள்வதுபோல் கைகளைக் குறுக்கே மடக்குங்கள். முதுகில் துணி விறைத்தால் ஒரு சைஸ் பெரிது வேண்டும். பஞ்சு வைத்த ஜாக்கெட்டில் இது இன்னும் முக்கியம். வெதுவெதுப்பைத் தருவது பஞ்சுக்குள் தங்கும் காற்று. இறுக்கமாகப் போட்டால் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, தடிமனான ஜாக்கெட்டே குளிரும். மிகத் தொளதொளவென்று இருந்தாலும் பிரச்சினைதான். ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாகத் தள்ளப்பட்டு, கீழிருந்து குளிர்காற்று ஏறும். ஃப்ளீஸோடு ஜிப் போட்டபின் மார்புப் பக்கத் துணியைக் கிள்ளிப் பிடித்தால் சுற்றளவில் 5 முதல் 8 செ.மீ. வரை மிச்சம் இருப்பது எனக்குத் தெரிந்து நல்ல அளவு.

அடுத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அப்போதும் ஜாக்கெட்டின் பின்விளிம்பு பேன்ட்டின் இடுப்புப் பட்டையை நாலு விரல் அகலமாவது மூடியிருக்க வேண்டும். பிறகு கோல் பிடிப்பதுபோல் கைகளை முன்னால் நீட்டுங்கள். ஜாக்கெட்டின் கைமுனை மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரல் அடிவரை வர வேண்டும். நேராக நிற்கும்போது ஜாக்கெட்டின் கை கொஞ்சம் நீளமாகத் தெரிவதுதான் சரி. கையுறையைப் போட்டுப் பார்ப்பதையும் விடக் கூடாது. குட்டையான கையுறை என்றால் ஜாக்கெட் கைக்கு உள்ளே போகும், நீண்ட வாய் உள்ளது என்றால் மேலே வரும். எதுவானாலும் வெல்க்ரோ பட்டை முழுதாக ஒட்டுகிறதா, கையுறையோடு ஜிப் வாலைப் பிடித்து இழுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஜாக்கெட்டின் உள்ளே இடுப்பைச் சுற்றி இலாஸ்டிக் வைத்த ஒரு பட்டை இருக்கும். பனிப்பாவாடை என்று வைத்துக்கொள்வோம். பலர் அதைப் பூட்டிப் பார்க்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். அதன் பட்டன்களைப் போட்டபின் அது இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். விலா எலும்பில் ஏறி நின்றால் அந்த ஜாக்கெட்டின் உடல்நீளம் உங்களுக்குக் குறைவு, சைஸ் ஏற்றினாலும் சில மாடல்களில் தீராது, வேறு மாடல் பார்ப்பதே மேல். பேன்ட்டோடு இதை இணைக்கும் கொக்கிகள் பெரும்பாலும் ஒரே பிராண்டுக்குள்தான் பொருந்தும்.

ஹெல்மெட்டுக்கு மேல் ஜாக்கெட்டோடு சேர்ந்த தொப்பியைப் போட்டு, ஜிப்பை முகவாய்வரை ஏற்றி, தலையை இடது வலதாகத் திருப்புங்கள். தொப்பியும் கூடவே திரும்ப வேண்டும். கண்ணுக்கு முன் தொப்பியின் உள்துணி வந்து நின்றால், பக்கத்தில் வரும் ஆள் தெரியாது. குனியும்போது கழுத்துப்பட்டை பின்னால் இழுத்தாலும் அந்தத் தொப்பி உங்கள் ஹெல்மெட்டுக்குச் சிறியது.

பேன்ட் விஷயத்தில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. ஜீன்ஸ் சைஸைச் சொல்லி வாங்குவதே முதல் தப்பு. இடுப்பை தெர்மலின் மேல் அளக்க வேண்டும். உட்கால் நீளத்தை வெறுங்காலோடு, சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தைச் சமமாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அமெரிக்க பிராண்டுகளில் ரெகுலர் நீளம் என்பது பொதுவாக 32 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 5 அடி 5 அங்குல உயரத்துக்கு அது நீளம். நம்மவர்கள் பலருக்கு இடுப்பு பொருந்தி, கால் கீழே குவியும். அதே இடுப்பளவில் ஷார்ட் நீளம் இருக்கிறதா என்று கேளுங்கள். சைஸைக் குறைத்து நீளத்தைச் சரிசெய்யப் பார்த்தால் தொடையும் முட்டியும் இறுகும். ஜப்பானிய பிராண்டுகளில் மீடியம் என்று போட்டிருப்பது அமெரிக்க ஸ்மாலுக்குப் பக்கத்தில் வரும், அங்கே எழுத்தை நம்பாமல் செ.மீ. கணக்கைப் பாருங்கள்.

போட்டபின் குதிகால் தரையை விட்டு எழாமல் முழுதாகக் குந்துங்கள். கவட்டில் இழுத்தாலோ, முட்டியில் துணி விறைத்துப் பேன்ட்டின் பின்பக்கம் கீழே இறங்கினாலோ அது வேண்டாம். முட்டியில் மடிப்பு வைத்து வளைவாகத் தைத்த பேன்ட்டுகள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். அடுத்து ஒரு நாற்காலியில் உட்காருங்கள், சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் தொங்கு இருக்கையான சேர்லிஃப்டில் இப்படித்தான் உட்காரப் போகிறீர்கள். பின் இடுப்பில் இரண்டு விரல் நுழையலாம், உள்ளங்கை நுழையக் கூடாது. பக்கவாட்டு வெல்க்ரோ பட்டையை இழுத்துக் கொஞ்சம் குறைக்கலாம். அதைக் கடைசிவரை இழுத்தால்தான் நிற்கிறது என்றால் பேன்ட் பெரிது.

கால்முனைக்கு வருவோம். பேன்ட்டின் கால் இரட்டை அடுக்காக இருக்கும். உள்ளடுக்கில் இலாஸ்டிக் வைத்த உறை ஒன்று உண்டு. ஸ்கீ பூட்ஸின் கெட்டி ஓட்டுக்கு மேல் அது வந்து பிடிக்க வேண்டும். இதைப் பூட்ஸுக்குள் திணிப்பவர்கள் நிறைய. திணித்தால் இரண்டு கெடுதல்: பூட்ஸ் வாய் திறந்து பனி நேராக உள்ளே இறங்கும், திணித்த துணியின் மடிப்பு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அழுத்தி மதியத்துக்குள் கால் வலியெடுக்கும். தெர்மலுக்கும் இதே விதிதான். ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரே ஒரு நீளக் காலுறைதான் போக வேண்டும், தெர்மல் பூட்ஸின் வாய்க்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். முக்கால் நீளத் தெர்மல் விற்பதே இதற்காகத்தான்.

பூட்ஸைப் பூட்டி நிற்கும்போது பேன்ட்டின் பின்விளிம்பு தரைக்கு 2 செ.மீ. மேலே நிற்கட்டும். முட்டி மடங்கினால் தானாக ஏறிவிடும். பூட்ஸ் கையில் இல்லையென்றால் கடையிலேயே வாடகைப் பூட்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள், ஏனென்றால் கால்முனையின் அகலம் அதன் கொக்கிகளுக்கு மேல் இறங்காத பேன்ட்டும் இருக்கிறது. உள்பக்கக் கணுக்கால் பகுதியில் தடித்த துணி ஒட்டு இருக்க வேண்டியது கட்டாயம். ஸ்கீயின் எஃகு விளிம்பு எதிர்க்காலில் உரசி, அந்த ஒட்டு இல்லாத பேன்ட்டை ஒரே சீசனில் கிழித்துவிடும். ஸ்னோபோர்டு பேன்ட்டில் தேய்வது வேறு இடம். பூட்ஸ் மெத்தென்று தணிவாக இருப்பதால் குதிகாலுக்குப் பின்னால் விளிம்பு வாகன நிறுத்தத்தில் இழுபட்டே நைந்துபோகும். விளிம்பைத் தூக்கி மாட்ட ஒரு பட்டனோ கொக்கியோ இருக்கிறதா பாருங்கள்.

ஸ்னோபோர்டுக்குப் பேன்ட் தளர்வாக இருப்பதை வெறும் ஸ்டைல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் பிட்டத்திலும் முட்டியிலும்தான் விழுவார்கள், உள்ளே பஞ்சு வைத்த பாதுகாப்பு அரைக்கால்சட்டையும் முட்டிக் கவசமும் போட இடம் வேண்டும். ஜாக்கெட்டும் பிட்டத்தை மூடும் நீளத்தில் இருப்பது நல்லது. ஸ்கீயில் அவ்வளவு தொளதொளப்பு தேவையில்லை.

இரண்டுக்கும் பொதுவாக என் சிபாரிசு பிப் பேன்ட். மார்புவரை ஏறித் தோள்பட்டையில் தொங்கும் வகை. இடுப்பு இடைவெளி என்ற பிரச்சினையே அதில் இல்லை. நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்துத் தோள்பட்டை நீளத்தைச் சரிசெய்யுங்கள், கவடு இழுபடாமல் இருக்க வேண்டும். பெண்கள் வாங்கும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ கழிப்பறைக்கான ஜிப் இருக்கிறதா, ஜாக்கெட்டைக் கழற்றாமல் அது திறக்கிறதா என்று கடையிலேயே திறந்து மூடிப் பார்த்துவிட வேண்டும்.

துணியின் எண்களைப் பற்றிச் சுருக்கமாக. நீர்த்தாங்கு அளவு என்பது துணி கசியாமல் எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு. 10,000 மி.மீ. உலர்ந்த குளிர்ப் பனிக்குப் போதும். கனடாவின் விஸ்லர் மாதிரிக் கடலோர மலைகளில் பனி ஈரமாக விழும், அங்கே 20,000 பக்கம் போகலாம். உட்காரும்போது உடல் எடை பனிநீரைத் துணிக்குள் அழுத்துவதால், ஸ்னோபோர்டுக்கு ஜாக்கெட்டைவிடப் பேன்ட்டுக்கு அதிக எண் தேவை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பேன்ட்டை உள்புறம் வெளியாகத் திருப்பி, பிட்டத்துத் தையலும் கவட்டுத் தையலும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். தையலின் மேல் விரலகல நாடா ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன ஒவ்வொரு துளையும் நீர் வரும் வழி, அதை அடைப்பது அந்த நாடாதான். முக்கியத் தையல்களுக்கு மட்டும் நாடா என்று சொல்லி விற்கும் பேன்ட்டுகளில் இந்த இடம் விடுபட்டிருக்கலாம்.

காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் போகிறவர்கள், வழியில் உள்ள தங்மார்கிலோ குல்மார்கிலோ வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம், சில நாள் பயணத்துக்கு அது நியாயமானதும்கூட. எடுக்கும்போது இதே நாடாவைத் தடவிப் பாருங்கள். விளிம்பில் உரிந்து சுருண்டிருந்தால் அந்தப் பேன்ட் உட்கார்ந்த உடனே நனையும். ஜிப்பை மேலும் கீழுமாக மூன்று முறை இழுங்கள், கால்முனை இலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள், திரும்பிச் சுருங்காவிட்டால் வேறு கேளுங்கள். குல்மார்க் ஊர் 2,650 மீட்டரில் இருக்கிறது, அங்குள்ள கோண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் உங்களை 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடும். கீழே இதமாகத் தோன்றும் உடை மேலே காற்றில் பற்றாது. சூட்டையும் குளிரையும் ஃப்ளீஸைக் கூட்டிக் குறைத்துச் சமாளியுங்கள், அக்குள் ஜிப் இருக்கும் ஜாக்கெட்டாக எடுங்கள்.

பிள்ளைகளுக்கு வளர்ந்தபின்னும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் சகஜம். சுவிட்சர்லாந்தில் பள்ளி ஸ்கீ முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்க் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். தரையில் இழுபடும் பேன்ட் காலடியில் மாட்டும், கை மூடிய ஜாக்கெட்டில் கோலைப் பிடிக்க வராது. கையிலும் காலிலும் உள்ளே ஒரு வண்ண நூல் தையல் போட்டு, அதைப் பிரித்தால் 4, 5 செ.மீ. நீளும்படி செய்த பிள்ளைகள் உடைகள் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். அல்லது சீசன் வாடகைக்கு எடுங்கள். கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம், லிஃப்டில் சிக்கும். குழாய் வடிவக் கழுத்துத் துணி போதும். தொங்கும் பட்டைகளையும் உள்ளே செருகிவிடுங்கள்.

கடைசியாகத் தையற்காரர் விஷயம். நீளமான பேன்ட்டைக் கீழே வெட்டி மடித்துத் தைக்கக் கொடுக்காதீர்கள். வெட்டினால் எஃகு விளிம்பைத் தாங்கும் ஒட்டும், பக்க ஜிப்பின் அடிமுனையும், தூக்கி மாட்டும் பட்டனும் சேர்ந்தே போகும், உள்ளுறை வெளியே எட்டிப் பார்க்கும். வேறு வழியில்லை என்றால் வெளியுடைகளைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, முட்டிக்குக் கீழே ஒட்டுக்கு மேற்பட்ட பகுதியில் குறைக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்ட தையல் முழுக்க உள்பக்கத்தில் தையல் துளைகளை அடைக்கும் சீம் சீலர் பசையைத் தடவி ஒரு நாள் காயவிட்ட பிறகே பனிக்குக் கொண்டுபோங்கள்.