கடைசி நாளிலிருந்து எழுதத் தொடங்கிய திட்டம்

வருகிற மார்ச் மாதம் தம்பியுடன் மாலத்தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்காகப் போவதாக முடிவானதும், பயணத் திட்டத்தை நான் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்கினேன். தம்பி சிரித்தான். ஆனால் காற்றுருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு, வீடு திரும்பும் விமானம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதுதான் மற்ற கணக்குகளை எல்லாம் தீர்மானிக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைந்து தங்கிவிடுகிறது; மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், மூடி திறந்த சோடாவில் நுரை கிளம்புவதைப் போல அந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் பதம் பார்த்துவிடக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள்கள் அடுத்தடுத்து மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நான் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகவே நாள்காட்டியில் முதலில் நிரம்பிய கட்டத்தில் ‘உலர் நாள்’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

அடுத்து நிரம்பியது முதல் நாள். அதுவும் உலர் நாள்தான். அதற்குக் காரணம் என்னுடைய பழைய முட்டாள்தனம். முந்தைய பயணம் ஒன்றில், ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று, நள்ளிரவில் போய் இறங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கே படகில் இருந்தேன். விமானத்தின் குளிரில் மூக்கு அடைத்திருந்தது. மூன்று மீட்டர் ஆழத்திலேயே இடது காதில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன். வலது காது ‘கிளிக்’ என்று திறந்தது, இடது காது திறக்கவில்லை. வழிகாட்டி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி ‘சரிதானா’ என்று சைகையில் கேட்டார். ஒரு மீட்டர் மேலேறி மறுபடியும் முயல வேண்டிய அந்த இடத்தில், நானும் அதே வளையத்தைக் காட்டிப் பொய் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்து மேலே வந்தபோது முகமூடிக்குள் மூக்கருகே இரத்தம் இருந்தது. செவிப்பறை வீங்கியிருப்பதாகச் சொன்ன மருத்துவர், காது ஆறும்வரை தலையைத் தண்ணீருக்குள் நுழைக்கவே கூடாது என்றார். மிச்சமிருந்த நான்கு நாள்களும் மற்றவர்களின் ஈரமான முக்குளிப்பு உடைகள் கொடியில் உலர்வதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டியே கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

எந்தக் கடல் என்று தேர்ந்தெடுப்பதில் படங்கள் சொன்னதைவிடக் காற்று சொன்னதையே நான் அதிகம் நம்பினேன். நாங்கள் விடுமுறை எடுக்க முடிந்தது மார்ச் தொடக்கத்தில் மட்டும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும் என்பதால் அங்கே மார்ச் பொருந்தும். ஆனால் நல்ல இடங்களைப் பார்க்க வேண்டுமானால் படகிலேயே தங்குவதுதான் வசதி, தம்பிக்கோ படகில் இரவு முழுக்க ஆடினால் வயிறு புரட்டும். பிலிப்பைன்ஸின் துப்பதஹா பவளத்திட்டில் படகைத் தவிரத் தங்க வேறு வழியே இல்லை. அதற்கான பருவமும் மார்ச் நடுவில்தான் தொடங்குகிறது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாத்துக்கு மாதம் சரியாக இருந்தும், உள்நாட்டு விமானங்கள் மாறி மாறிப் போவதிலேயே நாள்கள் கரைந்துவிடும்.

மாலத்தீவில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும் காலம் அது. அந்தக் காற்றோடு நீரோட்டமும் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. தீவுகள் வளையமாக அமைந்த அடோலுக்குள் கிழக்கு வாய்கள் (தீவுகளுக்கு இடையிலான நீர்வழிகள்) வழியாகப் பெருங்கடலின் தெளிந்த நீர் நுழைகிறது. உள்ளே கிடக்கும் மிதவை நுண்ணுயிர்களை அள்ளிக்கொண்டு மேற்கு வாய்கள் வழியாக வெளியேறுகிறது. அந்த இரையைத் தேடி மாண்டா திருக்கைகளும் மேற்கே கூடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் இது அப்படியே திசை மாறும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், ஆகஸ்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மாண்டாக்கள் சுழலும் படங்களைக் காட்டி மார்ச் மாதத்துக்கு ஆள் பிடிக்கும் விளம்பரங்கள் எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தன. அந்தப் படங்களில் பெரும்பாலானவை பா அடோலிலுள்ள ஹனிபாரு விரிகுடாவில் எடுத்தவை. அங்கே காற்றுருளையோடு மூழ்குவதற்கே அனுமதி கிடையாது, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

தெற்கு ஆரி அடோலில், மக்கள் வாழும் தீவு ஒன்றில் விருந்தினர் இல்லத்தை எடுத்தோம். விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில் போய்விடலாம் என்பது முக்கியக் காரணம். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும்; மாலையில் வந்து இறங்கினால் ஓர் இரவு தலைநகரில் போய்விடும். திரும்பும்போது அதுவும் விமானம்தான் என்பதையும், 24 மணி நேரக் கணக்கு அதில் ஏறும்போதே முடிந்திருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தேதிகளைப் பிறைக் கணக்கோடும் ஒத்துப் பார்த்தேன்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) பெரிதாகி, தீவுகளுக்கு இடையிலான வாய்களில் நீரோட்டம் கடுமையாகும் என்பதால், எங்கள் முதல் இரண்டு முக்குளிப்பு நாள்கள் அவற்றில் விழாதபடி நகர்த்தினேன்.

உண்மையான சிக்கல் கடலில் இல்லை, எங்கள் இருவரின் முக்குளிப்புப் பதிவேடுகளில் இருந்தது. நான் 30 மீட்டர் வரை போகச் சான்று பெற்றவள், ஐம்பது முறை மூழ்கியிருக்கிறேன். தம்பியின் சான்று 18 மீட்டருக்கு. மூழ்கியது ஒன்பது முறை. “அக்கா, நீ கீழே சுறா பார்க்கும்போது நான் கரையில் துண்டு பிடித்துக்கொண்டு நிற்கவா?” என்றான். பழைய பதிவுகளை வைத்து அவன் மூச்சைக் கணக்கிட்டேன். கடல்மட்ட அளவில் அவன் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறான், நான் 14 லிட்டர். 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். 50 பார் இருப்பு வைத்தால் கையில் நிற்பது 1,800. 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் அவனுக்குச் சுமார் 32 நிமிடம், எனக்குச் சுமார் 46. இறங்கும் ஏறும் நேரத்தையும், நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதையும் சேர்க்காத கணக்கு இது. சுறாக்களுக்காக வாயின் விளிம்பில் 25, 30 மீட்டரில் பாறையில் கொக்கி மாட்டி நிற்கும் முக்குளிப்பு எதிலும் அவனைச் சேர்க்க முடியாது. கடலடியிலிருந்து எழும் பவளக் குன்றுகளின் மேற்பகுதி அவனுக்குப் போதும். திமிங்கலச் சுறாவோ பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே நீந்துவதால், அதைப் பார்க்கச் சான்றே தேவையில்லை.

மூன்று முக்குளிப்பு மையங்களுக்கு ஒரே கேள்விகளை அனுப்பினேன்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் உண்டா, நைட்ரஜன் குமிழிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் அழுத்த அறைச் சிகிச்சை எங்கே கிடைக்கும், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம், காது வலித்தால் கட்டிய பணம் என்னாகும். முதல் மையம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நோ ப்ராப்ளம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இரண்டாவது தள்ளுபடி விவரங்களை அனுப்பியது. மூன்றாவது மையம் என் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிவிட்டு, “உங்கள் தம்பி கடைசியாக மூழ்கியது எப்போது?” என்று திருப்பிக் கேட்டது. பதினான்கு மாதங்களுக்கு முன். அப்படியானால் முதல் முக்குளிப்பு கரையோரப் பவளத்திட்டில், இடுப்பளவு நீரிலிருந்து தொடங்கும், தோணி பிறகுதான் என்று எழுதினார்கள். (திவெஹி மொழியிலும் படகு தோணிதான்.) அன்றே அவர்களிடம் பதிவு செய்துவிட்டேன்.

மருத்துவப் படிவத்தில் சிறுவயது இழுப்பை (ஆஸ்துமா) பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று குறிக்கப் பார்த்தான் தம்பி. பிடுங்கிக்கொண்டேன். நுரையீரலில் எங்காவது காற்று சிக்கிக்கொண்டால் மேலே வரும்போது அது விரிந்து கிழித்துவிடும். மறைப்பதற்கான விஷயமே அல்ல. குழாயில் ஊதவைத்துப் பரிசோதித்த மருத்துவர் கையெழுத்திட்டுத் தந்தார். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, முக்குளிப்பை விலக்கியிருக்கும் அல்லது ஆழ வரம்பு வைத்திருக்கும் என்பதால், அழுத்த அறைச் சிகிச்சைக்கும் அவசரப் போக்குவரத்துக்கும் சேர்த்துத் தனியாக எடுத்தோம். முகமூடியும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரும் கைப்பையில் வரும். மற்றதெல்லாம் அங்கே வாடகைக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் குளத்தில் பயிற்சி நடக்கிறது. தண்ணீருக்கடியில் முகமூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற வேண்டும். முதல் வாரம் கழற்றிய மறுநொடியே இருமிக்கொண்டு எழுந்து நின்றான். நேற்று கண்களை இறுக மூடிக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தான். மூச்சுக்காக வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டரிலிருந்து குமிழிகள் ஒரே சீராக மேலே வந்துகொண்டிருந்தன. கையில் பிடித்திருந்த முகமூடியை மாட்டவே அவனுக்கு அவசரமில்லை. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினெட்டு குமிழித் திரள்கள்.