கிளினிக் சீட்டிலிருந்து வார்டு கட்டில் வரை: சேலத்தில் குழந்தையை அட்மிட் செய்யும் வழி

சேலத்தில் குழந்தை டாக்டர்களின் கிளினிக்குகள் பெரும்பாலானவற்றில் கட்டில் கிடையாது. அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, சாரதா கல்லூரி சாலை, அம்மாபேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பார்க்கும் அறை ஒன்று, எடை மெஷின், தடுப்பூசி ஃப்ரிட்ஜ், டோக்கன் மேசை, அவ்வளவுதான். படுக்க வைத்துப் பார்க்க வேண்டிய குழந்தை வேறொரு மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். அது எந்த மருத்துவமனை, அங்கே நம் டாக்டரே வந்து பார்ப்பாரா என்பதை முதல் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே கேட்டு வையுங்கள். ரெஃபரல் சீட்டு (மேல் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதம்) எழுதி அனுப்பும் கிளினிக் பக்கத்திலும் குழந்தையை வாங்கிக்கொள்ளும் வார்டு பக்கத்திலும் வேலை பார்ப்பவர்கள் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

இந்த அமைப்பு வந்த வழியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம். காலையில் ஜி.எச். வார்டு, சாயங்காலம் சொந்த கிளினிக் என்று ஓடுபவர்கள் அதனால்தான் இத்தனை பேர். அப்படிப்பட்டவர் கிளினிக்கிலிருந்து அனுப்பும் குழந்தையை மறுநாள் வார்டில் தானே பார்க்க முடியும். அவர் பணி ஓய்வு பெற்றதும் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையோடுதான் தொடர்பு வைத்துக்கொள்வார். பழைய நினைப்பில் பெற்றோர் நேரே ஜி.எச். வாசலில் போய் நின்று, "எங்க டாக்டர் எங்கே?" என்று கேட்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஜி.எச். பற்றி இன்னொன்று. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-ல் தொடங்கியது. கல்லூரி வளாகம் இரும்பாலை சாலையில் இருக்கிறது. அதன் மருத்துவமனையான ஜி.எச். இருப்பதோ ஊருக்கு நடுவில், கலெக்டர் ஆபீஸ் பக்கம். போனில் கல்லூரி பெயரைப் போட்டு வழி தேடினால் இரும்பாலை பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வெளியூர் டிரைவர் என்றால் "ஜி.எச்., கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில்" என்று வாயால் சொல்லிவிடுவதே நல்லது.

தனியார் தொடர்புகளில் மூன்று விதம் உண்டு. சிலர் மேல்மாடியிலோ பக்கத்திலோ சொந்தமாகச் சில படுக்கைகள் வைத்திருப்பார்கள். சிலர் பெரிய மருத்துவமனைக்கு வருகை டாக்டர். குழந்தையை அவர் பெயரிலேயே அட்மிட் செய்யலாம், தினமும் ரவுண்ட்ஸ் வருவார். மூன்றாவது வகையினர் சீட்டு மட்டும் எழுதுவார்கள், உள்ளே போனதும் வேறு டாக்டர் பொறுப்பு. மூன்றிலும் தவறில்லை. டோக்கன் மேசையில் "டாக்டர் எங்கே அட்மிட் பண்ணுவாங்க, நைட்ல அங்கே குழந்தை டாக்டர் இருப்பாங்களா, பச்சிளங்குழந்தைக்கு வென்டிலேட்டர் இருக்கா?" என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும். பெயர்ப்பலகையில் டி.சி.ஹெச். என்றால் இரண்டு ஆண்டுப் பட்டயம், எம்.டி. என்றால் மூன்று ஆண்டுப் பட்டமேற்படிப்பு. சளி காய்ச்சலுக்கு அந்த வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை.

குழந்தைக்கும் டாக்டருக்கும் முதல் பழக்கம் பெரும்பாலும் பிரசவ அறையில்தான். சிசேரியன் என்றால் மகப்பேறு மருத்துவர் குழந்தை டாக்டரை அழைப்பார். குழந்தை எப்படி அழுதது, வைட்டமின் கே போட்டாயிற்றா, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி, எல்லாம் அவர் குறிப்பில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆண் குழந்தை, 2.8 கிலோ, நலம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதோடு வந்துவிடாதீர்கள். குழந்தைக்குத் தனி சம்மரி கேளுங்கள். பிறந்த எடை, ரத்த வகை, மஞ்சள் காமாலை அளவு, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தச் சோதனை, காது கேட்கும் சோதனை ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தை என்றால் இதில் உயிர்நாடியான ஒரு விஷயம் இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பிறந்து 30 நாளுக்குள் முதல் சோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்தது அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்தது என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளராமல் பிறப்பதால் அவை பின்னால் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையைப் பிரித்து இழுத்துவிடும். லேசர் செய்யக்கூடிய காலம் சில நாட்கள்தான், அது தாண்டினால் பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். எங்கே தவறுகிறது என்றால், மருத்துவமனை "கிளினிக்கில் சொல்வார்கள்" என்று விடும், கிளினிக் "மருத்துவமனையிலேயே பார்த்திருப்பார்கள்" என்று நினைக்கும். பால் நன்றாகக் குடித்து எடை ஏறும் குழந்தைக்குக் கண்ணில் கோளாறு இருக்கும் என்று வீட்டில் யாருக்குத் தோன்றும்? அதனால் முதல் சோதனைத் தேதியை சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். கண் திறந்து பார்ப்பதும் விளக்கைப் பார்த்துச் சிரிப்பதும் இதற்குச் சான்றாகாது.

இனி ரெஃபரல் சீட்டு. "காய்ச்சல், மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதிய சீட்டு வார்டில் உதவாது. அன்றைய எடை கிலோவில் வேண்டும், ஏனென்றால் குளுக்கோஸ் முதல் ஊசி மருந்து வரை எல்லாக் கணக்கும் எடையில்தான். காய்ச்சல் தொடங்கிய நாள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, கடைசியாகச் சிறுநீர் போன நேரம் ஆகியவையும் வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. குழந்தை அழாதபோது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் பெயர், அளவு, நேரம் மூன்றும் எழுத வேண்டும். ஊசிக்குப் பிறகு எடுக்கும் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். எழுதாவிட்டால் கல்ச்சர் சுத்தம் என்று நம்பி மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு.

வீட்டில் கொடுத்த மருந்து பாட்டிலை அப்படியே கொண்டுவாருங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மி.கி. "5 மில்லி கொடுத்தோம்" என்றால் அது 120-ஆகவும் இருக்கலாம், 500-ஆகவும் இருக்கலாம்.

கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன் மருத்துவமனைக்கு போன் போக வேண்டும். படுக்கை இருக்கிறதா என்றும், போனை எடுத்தவர் பெயரையும் கேட்டு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போய், "ஐ.சி.யு. காலி இல்லை" என்று அடுத்த இடத்துக்கு அனுப்பப்படும் குழந்தைகள் வழியிலேயே துவண்டு போகின்றன.

ஏற்காட்டிலிருந்து இறக்குவது தனிக் கவனம் கேட்கிற வேலை. அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. குழந்தை வாந்தி எடுக்கும், அது மூச்சுக்குள் போகாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மலைக் குளிரில் பச்சிளங்குழந்தையின் சூடு இறங்கினால் சர்க்கரையும் இறங்கும். தலைக்குத் தொப்பி, காலுக்கு சாக்ஸ் போட்டு, அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டவைத்து மேலே போர்த்துங்கள். வெந்நீர் பாட்டில் வேண்டாம், தோல் வெந்துவிடும். ஆக்சிஜன் தேவைப்பட்டால் வண்டியில் ஏறும் முன் சிலிண்டரின் மீட்டரைப் பாருங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் அழுத்தம் 150 பார், உள்ளே சுமார் 1,500 லிட்டர். முள் 50-ல் நின்றால் 500 லிட்டர்தான்; நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். வளைவில் லாரி மாட்டிக்கொண்டாலும் தாங்குமா என்பதை அந்தக் கணக்கு சொல்லும். மழைக்காலத்தில் பாறை சரிந்து பாதை மூடினால் குப்பனூர் வழி இருக்கிறது. 108-ஐ அழைக்கும்போதே எந்த வழி திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். பெரும்பாலும் முட்டுவது ரேஷன் கார்டில் குழந்தை பெயர் இல்லாததால்தான். பிறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் பெயர் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இருந்தாலும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று காப்பீட்டு மேசையில் தனியாகக் கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனபின் சம்மரியோடு கிளினிக்குக்குத் திரும்புங்கள். வராத கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் எப்போது, யார் வாங்குவது என்று தீர்த்துக்கொள்ளுங்கள். கவாசாகி நோய்க்கு (குழந்தைகளின் ரத்தக் குழாய்களில் வீக்கம் வரும் நோய்) இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மை தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். இம்யூனோகுளோபுலினில் வந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள் தடுப்பூசியை வேலை செய்யவிடா. சம்மரி இல்லாமல் கிளினிக்கில் இதை யாராலும் ஊகிக்க முடியாது.

வயதான டாக்டர் கிளினிக்கை மூடப் போகிறார் என்று தெரிந்தால் தடுப்பூசி விவரங்களை உடனே எழுதி, கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். உள்நோயாளி பதிவுகளை டாக்டர்கள் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. கோரிக்கையைத் தாளில் எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.