இடுப்பளவுக்கு ஏறும் சாரம்

காரைக்குடியைச் சுற்றித்தான் என் வேலை. புது வீடு, மாடியில் ஓர் அறை, மெயின் ரோட்டில் நாலு கடை, பழைய வீடுகளில் மராமத்து. சுவர் கட்ட ஆள் ஏறி நிற்கும் சாரத்தில், எந்தச் சுவருக்கு எது என்று யோசிக்க ஆரம்பித்தது பள்ளத்தூரில், ஒரு வீட்டு வேலையில்.

சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டிய சாரம், நாலடிக்கு ஒரு தட்டு. மதியம் சாப்பிட உட்கார்ந்த கொத்தனார் அண்ணனால் எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கினேன். "கல்லுத் தூக்குறது ஒண்ணுமில்ல தம்பி. குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றதுலதான் இடுப்பு போயிருது" என்றார்.

சாயங்காலம் தள்ளி நின்று சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் கீழே இரண்டு மூன்று வரிசையில் கலவை ஒரே கனத்தில் இல்லாமல் ஏற்ற இறக்கமாக இருந்தது. மேலே, அண்ணன் எட்டி வைத்த வரிசைகளில், சுவர் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. தூக்குக்குண்டு விட்டதும் தெரிந்துவிட்டது. நடுவில், இடுப்பிலிருந்து நெஞ்சு வரை வைத்த செங்கல்லெல்லாம் நூல் பிடித்த மாதிரி. கை அதே கைதான், கலவையும் அதே கலவைதான்.

அதற்கப்புறம் வாடகைக்குச் சாரம் எடுக்கப் போனால் எவ்வளவு உயரம் போகும் என்று முதலில் கேட்பதில்லை. எவ்வளவுக்கு ஒரு தடவை பலகையை ஏற்றலாம் என்றுதான் கேட்கிறேன். ஹெச் பிரேம் என்கிற H வடிவ இரும்புச் சட்டத்தில் பலகை பெரும்பாலும் சட்டத்தின் தலையில்தான் உட்காரும்; பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அது போதும், கல் கட்ட ஆகாது. கப்லாக் என்பது குறுக்குக் குழாயைக் கப்பில் மாட்டி மேல் கப்பால் இறுக்கும் வகை. அதில் நிற்கும் குழாயில் அரை மீட்டருக்கு ஒரு கப் இருக்கிறது. நம் பக்கத்து மூன்று அங்குலக் கல்லுக்கு, கலவையோடு சேர்த்தால் சுமார் ஆறு வரிசை. ஆறு வரிசை ஏறியதும் பலகையை ஒரு கப் மேலே மாற்றினால் அண்ணன் எப்போதும் இடுப்பளவில் வேலை பார்ப்பார். கைப்பிடியைச் சுற்றி மேடையையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வகையும் உண்டு. நீளமான கடைச் சுவருக்கு அது நல்லது. வீட்டில் மூலைக்கு மூலை நகர்த்துவதிலேயே பொழுது போய்விடும்.

இன்னொன்று, கொத்தனார் நிற்கும் பலகையும் கல் அடுக்கும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் பிராக்கெட் மாட்டி அவர் பலகையை ஒரு கப் தாழ்த்திவிட்டால், திரும்பியதும் கல்லும் கலவையும் கைக்கு வரும், குனிய வேண்டாம். ஆனால் சித்தாள் அக்காக்கள் அவ்வளவு உயரத்துக்குச் சட்டியை ஏற்ற வேண்டும். அதனால் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க ஓர் ஆள் போடுகிறேன். அந்தக் கூலியைக் குறைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

பாரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கல் மூன்று கிலோ என்றால் நூறு கல் முந்நூறு கிலோ. அதன்மேல் கலவை, இரண்டு ஆள். எல்லாவற்றையும் அந்தப் பலகைதான் தாங்க வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், இடிந்த சுவரை எடுத்துக் கட்டியபோது வேறு சிக்கல். சவுக்குச் சாரத்துக்குக் குறுக்குக் கம்பைச் சுவரில் துளை விட்டுச் செருகுவோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட எனக்கு மனம் வரவில்லை. போட்டால் பிறகு எதை வைத்து அடைத்தாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். கீழே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். சுவரைத் தொடாமல் இரண்டு வரிசைக் குழாயில் தனியே நிற்கும் சாரம் போட்டோம். தரையில் சாக்கு விரித்து, மேலே கனமான பலகை, அதன்மேல் மரையைத் திருகி உயரம் மாற்றும் ஜாக்கி. வளவின் தரை முற்றத்தைவிட உயரம். அந்த வித்தியாசத்தை ஜாக்கி சரிக்கட்டியது. மரை ஓர் அடிக்கு மேல் வெளியே தெரிய நான் விடுவதில்லை, அதற்கும் மேல் வேண்டுமென்றால் குழாயை மாற்றுவேன்.

பலகை இல்லாமல் ஜாக்கி வைத்ததும் ஒரு காலத்தில் நடந்தது. தேவகோட்டையில் கடை வேலை. அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய மண்ணில் நிறுத்தியிருந்தோம். ராத்திரி மழை. காலையில் ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கி, சாரம் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. மேலே முந்தின நாள் அடுக்கிய கல். யாரும் ஏறும் முன் பார்த்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அன்றிலிருந்து, காலையில் நானே ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் யாரையும் ஏறவிடுவதில்லை.

வாடகைக் கடையிலும் அவசரப்படுவதில்லை. சுத்தியலால் அடித்து அடித்து மேல் கப் வாய் விரிந்திருக்கும். பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு குழாயிலும் குறுக்குக் குழாயை மாட்டி, கப்பை இறுக்கி, கையால் ஆட்டிப் பார்க்கிறேன். ஆடினால் அதை வண்டியில் ஏற்றுவதில்லை.