ஃபுல் டாங்கி அடித்தால் மட்டும் வரும் மணம்

"பிள்ளை, உங்கட காராலதான் பெற்றோல் மணக்குது" என்று மூன்றாம் மாடி அன்ரி சொன்ன அன்று நான் நம்பவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பதினாறு வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். மற்றதில் உரசாமல் வெளியே எடுப்பதே ஒரு வித்தை. அந்த நெரிசலில் எது மணக்கிறது என்று மூக்கை வைத்துச் சொல்லிவிட முடியுமா? என் காருக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. கார்ட்போர்ட் மட்டை விரித்து ஓர் இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். காலையில் மட்டை காய்ந்தபடியே கிடந்தது.

அன்ரி விடவில்லை. சனி இரவும் ஞாயிறும்தான் மணம், புதன் வியாழனில் இல்லை என்றார். சனிக்கிழமை பின்னேரம்தான் நான் காலி வீதி பெற்றோல் செட்டில் ஃபுல் டாங்கி அடிக்கிறவள். அது 2022 தந்த பழக்கம். பெற்றோல் வரிசையில் காருக்குள்ளேயே படுத்தெழும்பியவர்கள் டாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. பம்ப் 'கிளிக்' என்று தானாக நின்ற பிறகும், கணக்கை ரவுண்டாக்க செட்டில் நிற்கும் தம்பி இன்னும் இரண்டு மூன்று தரம் அழுத்துவார். நானும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார் அப்பாவினுடையது. 2009இல் ஜப்பானில் செய்தது, 2012இல் ரீகண்டிஷனாக, அதாவது ஜப்பானில் ஓடிய பழைய காராக, இங்கே வந்தது. கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்து விடும் வரை, விற்றால் திரும்ப வாங்க வழியில்லை என்று எல்லோரும் இருந்ததைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் காரும் அப்படித்தான் பதினாறு வயது கண்டது. போன மாதம்தான் எமிஷன் டெஸ்டும் பாஸ். அங்கே பார்ப்பது சைலன்சரால் வரும் புகையை. டாங்கிப் பக்கம் ஒருவரும் குனிவதில்லை.

முதல் கராஜில் ஃபில்டர் மாற்றி 9,500 ரூபாய் எடுத்தார்கள். மணம் அப்படியே இருந்தது. இரண்டாவது இடத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அவருக்கு லைசென்ஸே இல்லை. "டாங்கியில ஓட்டை, இறக்கி வெல்டிங் வைப்பம், அதுவரைக்கும் சவுக்காரம் பூசி ஓடுங்கோ" என்றார்கள். டாங்கி ஓட்டைக்குச் சவுக்காரம் தேய்ப்பது அப்பா காலத்து வைத்தியம், வீடு வந்து சேர்வதற்கு உதவும். வெல்டிங் என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெற்றோல் ததும்பும் டாங்கியைவிட வெறும் டாங்கிதான் பயங்கரம். பற்றுவது திரவமல்ல, ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும். கழுவி ஆவியை முற்றாக வெளியேற்றாமல் நெருப்பு வைத்தால் டாங்கி குண்டாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், மேலே எழும்பிப் போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். எங்கள் கீழ்த்தளம் பள்ளம்தான். மூலையில் காவலாளி தேநீர் போடும் அடுப்பு இருக்கிறது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய்க் காரை ஒழுங்கையில் நிப்பாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவதாகப் போனது பஞ்சிகாவத்தைக்கு. உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னால் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கொட்டகை, அதில் ஒரு மெக்கானிக், முஸ்லிம் நானா. நான் கதையைச் சொல்லி முடிக்க முன்னமே, "ஃபுல் அடிச்சிட்டு வாங்க மிஸ், அரை டாங்கியோட வந்தா ஒண்டும் தெரியாது" என்று திருப்பி அனுப்பினார்.

நிரப்பிக்கொண்டு வந்தேன். முதலில் பற்றரி வயரைக் கழற்றினார். பக்கத்தில் கிரைண்டர் பிடித்த பையனை நிப்பாட்டச் சொன்னார். பின் சீற்றைத் தூக்கி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, தகர மூடியை எடுத்ததும் குப்பென்று அடித்தது. பம்பைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவி முகர்ந்தார். காய்ந்திருந்தது. பிறகு காரை ஜாக்கியில் ஏற்றி, டாங்கிக்கு மேலே செருகியிருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்கு எல்ஈடி டோர்ச்சைப் பிடித்தார். குழாய் வந்து சேரும் கழுத்தில் தலைமயிர் அளவில் ஒரு கோடு. சுற்றியிருந்த தூசி ஈரமாகித் தேயிலைக் கறை நிறத்தில் படிந்திருந்தது. சொட்டாக விழ முதலே ஆவியாகிவிடுகிறது. என் மட்டை காய்ந்து கிடந்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

"ஓட்டை எண்டா வெல்டிங் வைக்கச் சொன்னாங்க? இது பிளாஸ்டிக் டாங்கி மிஸ்" என்று சிரித்தார். முன்னைய கராஜில் குனிந்தே பார்த்திருக்கவில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டிதான் கனிஸ்டர். உள்ளே கரி. டாங்கியில் எழும்பும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அதற்கே ஊட்டிவிடும். ஆவிக்கென்று செய்த பெட்டி அது. கிளிக்குக்குப் பிறகும் அழுத்தி அடித்தால் திரவமாகவே பெற்றோல் அதற்குள் இறங்கும். செட் தம்பியின் ரவுண்ட் கணக்கு வெடிப்பை உண்டாக்கவில்லை. ஆனால் வெடித்த பெட்டிக்கு ஒவ்வொரு சனியும் பெற்றோல் ஊற்றிக் கொடுத்தது அதுதான்.

எண்ணூறு ரூபாய்தான் வாங்கினார் நானா. போகும்போது, "இந்தப் பெட்டிய ஜப்பான்ல கம்பனியே சும்மா மாத்திக் குடுத்தாங்க, தேடிப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ரீகால், அதாவது குறையுள்ள உறுப்புக்காகக் கம்பனியே காரைத் திருப்பி அழைப்பது, என்றால் புதுக் காருக்குத்தான், அதுவும் ஏஜென்டிடம் வாங்கியவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தேடினால் வேறு உலகம். 2016 ஜூனில் டொயோட்டா இதே உறுப்புக்காக 28 லட்சத்து 70 ஆயிரம் கார்களைத் திருப்பி அழைத்திருக்கிறது. 2006 ஏப்ரலில் இருந்து 2015 ஆகஸ்ட் வரை செய்தவை. கனிஸ்டரில் வெடிப்பு வரலாம், நாளாக நாளாக நீளலாம், டாங்கி நிறைந்திருக்கும்போது பெற்றோல் கசியலாம் என்பதுதான் காரணம். என் கார் அவர்களுடையதல்ல. ஆனால் வாசிக்கும்போது மூன்றாம் மாடி அன்ரியே ஜப்பானுக்குப் போய் எழுதிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

நியூ ஜேர்சியில் இருக்கும் பெரியப்பாவின் மகனிடம் கேட்டேன். "அரசாங்கத் தளத்தில வின் நம்பரை, காரின்ர அடையாள இலக்கத்தைப் போடு, உடன வரும்" என்றார் அண்ணா. போட்டேன். 17 எழுத்து கேட்டது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு அப்படி ஒரு நம்பர் கிடையாது. இருப்பது சேஸி நம்பர்: மொடல் குறி, நடுவில் ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவுதான். அங்கே ரீகால் வேலையை இலவசமாகச் செய்துதர வேண்டிய கட்டாயம், முதல் ஆள் வாங்கி 15 வருடத்துக்குள் அறிவிப்பு வந்தால்தான் என்றும் அண்ணா பயமுறுத்தினார். அது அமெரிக்கச் சட்டம், எங்கள் காருக்குப் பொருந்தாது.

தேட வேண்டிய இடம் அந்தக் கம்பனியின் ஜப்பானியத் தளம். ரீகால் தேடும் பெட்டியில் சேஸி நம்பரைக் கோட்டுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போட வேண்டும். நம்பர் வாகனப் பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நான் அப்பாவின் பச்சை ஃபைலைத் தான் எடுத்தேன். ஒரு ரிசீட்டைக்கூட எறியாத மனிதர். ஜப்பானில் பதிவை நீக்கிக் கொடுத்த ஏற்றுமதிச் சான்றிதழ், ஏலத்தாள், வார்வ் (துறைமுக) ரிசீட் எல்லாம் துளையிட்டு அடுக்கியிருந்தார். இரண்டு இடத்திலும் நம்பர் ஒன்றா என்று சரிபார்த்துவிட்டுப் போட்டேன். வந்த ஜப்பானிய எழுத்தை போன் கமராவால் மொழிபெயர்த்தால், கனிஸ்டர் ரீகால் 'செய்யப்படவில்லை' என்று காட்டியது.

ஜப்பானில் பல ரீகால்களுக்கு வேலை முடிந்ததும் சாரதிப் பக்கக் கதவு பூட்டும் தூணில், நம்பர் போட்ட சிறிய ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போய்ப் பார்த்தேன். ஒன்று இருந்தது, மங்கிய வெள்ளை, வேறு ஏதோ பழைய ரீகாலின் நம்பர். எங்களுக்கு வேண்டியது இல்லை. கம்பனியின் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் சொந்தக்காரரின் விலாசத்துக்குப் போயிருக்கும். அப்போது கார் காலி வீதியில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு இங்குள்ள ஏஜென்ட். கவுண்டரில் இருந்த பெண் பதிவுப் புத்தகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது நாங்கள் விற்ற வாகனம் இல்லை மெடம், ரீகண்டிஷன்" என்றார். உள்ளே இருந்து வந்த மேற்பார்வையாளர், கடற்கரைப் பக்கம் ஓடும் கார், உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும், அது ரீகாலில் வராது என்றார். பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். துரு என்றாலே ரீகால் இல்லை என்பதும் சரியல்ல. 2011இல் ஃபோர்ட், டாங்கியைத் தாங்கும் பட்டிகள் துருப்பிடித்து அறுகின்றன என்றுதான் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிக்கப் வண்டிகளைத் திருப்பி அழைத்தது, அதுவும் பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில். எங்களுக்கு யாரும் தூவத் தேவையில்லை, கடலே தூவுகிறது.

கவுண்டரில் நின்று கத்துவதில் பிரயோசனம் இல்லை என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரே ஈமெயில், ஏஜென்டின் சேவை முகாமையாளருக்கு, பிரதி ஜப்பானில் வாடிக்கையாளர் பிரிவுக்கு. சேஸி நம்பர், ஜப்பானியத் தளத்தில் வந்த பக்கத்தின் படம், ஏற்றுமதிச் சான்றிதழ், ஸ்டிக்கர் இல்லாத கதவுத் தூண், நானாவின் டோர்ச் வெளிச்சத்தில் எடுத்த அந்த மயிர்க்கோடு. கோபம் காட்டாமல் மூன்று பந்தி. 'விற்றது யார் என்று கேட்கவில்லை, இந்த நம்பருக்கு வேலை செய்து முடிந்ததா என்றுதான் கேட்கிறேன்' என்ற வரியைத்தான் பலமுறை திருத்தி எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. ஜப்பான்காரர் உள்ளூர் ஏஜென்டைக் கேட்கச் சொல்லி மரியாதையாக நழுவினார்கள். அடுத்த நாளே ஏஜென்ட் போன் பண்ணி, பெட்டி வரவழைக்கிறோம், வேலைக்கூலியும் இல்லை என்றார்.

பெட்டி வர ஐந்து கிழமை பிடித்தது. அந்த ஐந்து கிழமையும் அரை டாங்கிக்கு மேல் அடிக்கவில்லை. கார் ஒழுங்கையில், மாமரத்துக்குக் கீழே நின்று காக்கை எச்சம் வாங்கியது. செட்டில் கிளிக் கேட்டதும் கையைக் காட்டி நிப்பாட்டுவேன். அந்தத் தம்பிக்கு முகம் கோணும், 37 ரூபாய் சில்லறைக்கு எங்கே போவது என்று.

வேலை அன்று இன்னொன்று பிடிபட்டது. நிரப்பும் வாயில் இருந்து டாங்கிக்குப் போகும் ரப்பர் குழாய் வளைவில் பிளந்திருந்தது. "இது ரீகால் இல்லை மெடம், வயசு" என்றார் அதே மேற்பார்வையாளர். இந்த முறை அவர் சொன்னது சரி. பதினாறு வருட ரப்பர். குழாயும் கிளிப்புமாக 18,400 ரூபாய், நான்தான் கட்டினேன். பஞ்சிகாவத்தையில் குறைவாகக் கிடைத்திருக்கும், ஆனால் காரைத் திரும்ப இறக்கி ஏற்ற எனக்குத் தெம்பில்லை. வேலைத்தாளில் ரீகால் நம்பரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, துளையிட்டுப் பச்சை ஃபைலில் போட்டேன்.

சனிக்கிழமை ஃபுல் டாங்கி அடித்தேன், கிளிக் மட்டும்தான். பயந்து பயந்து கீழ்த்தளத்தில் பழைய இடத்தில் விட்டேன். ஞாயிறு காலை அன்ரி கோயிலுக்குப் போகிற சீலையோடு இறங்கி வந்து, என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின் சில்லுப் பக்கம் மூக்கை வைத்து நின்றார்.

"இப்ப மணக்கேல்லை பிள்ளை" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "ஆனா அந்த மூலையில நிக்கிற வானை ஒருக்காப் பாருங்கோ."