டிரிப்பருக்கு அடியில் ஒரு கப்: ஹைட்ரோபோனிக்ஸ் செய்முறைத் தேர்வு அனுபவம்

தோட்டக்கலைச் சான்றிதழ் படிப்பில் எங்களுக்கு வந்த செய்முறை இதுதான்: வீட்டிலேயே மண்ணில்லாமல் 12 தொட்டிகளில் செடி வளர்க்க வேண்டும், சொட்டுநீர் அமைத்து எட்டு வாரம் பராமரிக்க வேண்டும், கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நான் முதல் மூன்று வாரத்தைக் கிட்டத்தட்ட வீணடித்தேன். காரணம், தண்ணீரைப் பார்க்காமல் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை வாடிய பிறகு பிரச்சினையைத் தேடுவது ரொம்பத் தாமதம்.

நடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு டிரிப்பருக்கும், அதாவது செடிக்குத் தண்ணீர் சொட்டும் முனைக்கும், அடியில் ஒரு கப் வையுங்கள். மோட்டாரைப் போட்டு 15 நிமிடம் கழித்து நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 500 மில்லி இருக்க வேண்டும். எனக்கு மொத்தச் சராசரியே 380தான். குறைவாக வந்த கால் பங்கு, அதாவது மூன்று கப்பின் சராசரி 190. 190ஐ 380ஆல் வகுத்தால் 50 சதவீதம். எல்லாச் செடிக்கும் தண்ணீர் எவ்வளவு சமமாகப் போகிறது என்று காட்டும் இதைத்தான் சீர்மை என்று பாடத்தில் படித்திருந்தோம். 90க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த மூன்று கப்பும் ஸ்டாண்டின் மேல் தட்டில் இருந்தவை.

தப்பு டிரிப்பரில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த டிரிப்பர், மோட்டார் ஜோடியில். விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைத்து, அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகையை வாங்கியிருந்தேன். அது ஒழுங்காக வேலை செய்யப் பொதுவாக அரை பார் முதல் ஒரு பார் வரை அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சுமார் ஒரு பார். என் சின்ன நீர்மூழ்கி மோட்டாரின் பெட்டியில் போட்டிருந்தது 2 மீட்டர். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அந்த 2 மீட்டர் என்பது தண்ணீர் மேலே ஏறி, அதற்கு மேல் வராமல் நின்றுவிடும் உயரம். நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

இதை அப்போது புரிந்துகொள்ளாமல், உரக்கரைசல் தொட்டியைத் தூக்கி உயரமான ஸ்டூலில் வைத்தேன். சொட்டு நன்றாக வந்தது. சரி, முடிந்தது என்று படுத்துவிட்டேன். காலையில் தரை முழுக்க உரத்தண்ணீர், 40 லிட்டர் தொட்டி காலி. டைமர் மோட்டாரைச் சரியான நேரத்துக்கு நிறுத்தியிருக்கிறது. ஆனால் தொட்டி செடிகளைவிட உயரத்தில் இருந்ததால், குழாய்க்குள் நின்ற தண்ணீர், மோட்டார் இல்லாமலே, சைஃபனாகத் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. துடைத்து முடிக்க ஒரு மணி நேரம். வைவாவில் இந்தக் கேள்வி வரும் என்று அடித்துச் சொல்வேன்.

அப்புறம் எல்லாவற்றையும் கழற்றினேன். தொட்டி தரைக்கு வந்தது. எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில். அழுத்த டிரிப்பர்களை எடுத்துவிட்டு, 16 மில்லிமீட்டர் குழாயிலிருந்து ஒரே நீளத்தில் வெட்டிய 4 மில்லிமீட்டர் சிறுகுழாய்களைச் செருகினேன். நீளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம்; குட்டையானது கூடுதலாகக் கொட்டும். மணிக்கு 2 லிட்டர் என்ற கணக்கு போய்விட்டது, ஆனால் சீர்மை 92 ஆனது. தண்ணீர் இப்போது வேகமாக வந்ததால் டைமரையும் மாற்ற வேண்டியிருந்தது. முள் சுற்றும் டைமர்களில் பெரும்பாலும் 15 நிமிடத்துக்குக் குறைத்து வைக்க முடியாது. நிமிடக் கணக்கில் வைக்கக்கூடிய டிஜிட்டல் டைமரே வசதி. இடைவெளி, மண்ணுக்குப் பதில் வேருக்கு என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. களிமண் உருண்டை சீக்கிரம் காயும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதற்கு இடைவெளி கூடுதல்.

அடைப்புதான் பராமரிப்பில் பாதி. நான் ஒருமுறை அவசரத்தில் தனித்தனியாக வரும் ஏ, பி என்ற இரண்டு உர அடர்கரைசலையும் ஒரே குவளையில் கலந்துவிட்டேன். சில நொடியில் பால்போல் வெளுத்தது. கால்சியமும் சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். அந்த வெள்ளைத்தூள் நேராகக் குழாயின் வாய்க்குப் போய் உட்காரும். தொட்டித் தண்ணீரில் முதலில் ஏ ஊற்றி, நன்றாகக் கலக்கி, பிறகுதான் பி. இன்னொரு எதிரி பாசி. வெளிச்சம் புகும் தொட்டியில் ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும். கறுப்புத் தொட்டியும் மூடியும் போதும்.

வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து மோட்டாரை ஓடவிடுங்கள். முதலில் வரும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால் இனி ஒரு வாரமும் தவறவிட மாட்டீர்கள். உப்பு படிந்த டிரிப்பரை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் இளகும். வினிகரோடு பிளீச்சிங் திரவத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

கரைசலின் பி.எச்., அதாவது அமிலத்தன்மை அளவு, 5.5 முதல் 6.5 வரை, இதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஈ.சி.யை (மின்கடத்துதிறன்) ஊற்றும் கரைசலில் மட்டும் அளந்தால் போதாது, வடிந்து வரும் நீரிலும் அளக்க வேண்டும். வடிநீரில் எண் ஏறிக்கொண்டே போனால் வேர்ப்பகுதியில் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். என் ரெக்கார்டு நோட்டில் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் போட்டிருந்தேன்.

தேர்வாளர் செடிகளை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஏழாம் தொட்டியின் சிறுகுழாயை உருவி, "இதில் எவ்வளவு வருகிறது?" என்றார். நான் நோட்டைத் திறந்து அந்த வாரத்து எண்ணைச் சொன்னேன். "அளந்து காட்டுங்கள்" என்றார். கப்பும் அளவு ஜாடியும் கையில் இருந்தன, நல்லவேளை. துண்டு ஒன்று எடுத்துவைக்கத்தான் மறந்துபோனேன். ஈரக்கையோடு நோட்டைப் புரட்டியதில் இரண்டு பக்கத்து மை பரவிவிட்டது.