கியாக் மாத நாட்குறிப்பு: ஹோரஸ் வேறு, இயேசு வேறு

2025 ஜனவரி 1, புதன். கெய்ரோ

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் இல்லாமல் ஒரு புது வருஷம் பிறந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. விமானத்தில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டேன். அண்ணன் மகன் துபாயிலிருந்து எனக்கு முன்பே வந்து காத்திருந்தான். "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எகிப்தப் பாடமா நடத்துனீங்க, ஒரு தடவ கண்ணால பாருங்க அத்தை" என்று சொல்லி டிக்கெட் போட்டவன் அவன்தான்.

காலைச் சாப்பாட்டில் போனை என் பக்கம் தள்ளினான். ஒரு படம். இடது பக்கம் பருந்துத் தலையோடு எகிப்தியத் தெய்வம் ஹோரஸ், வலது பக்கம் இயேசு. நடுவில் வரிசையாக: இருவரும் டிசம்பர் 25இல் பிறந்தார்கள், கன்னியிடம் பிறந்தார்கள், மூன்று ராஜாக்கள் வந்து வணங்கினார்கள், ஞானஸ்நானம், 12 சீடர்கள், செத்தவனை எழுப்பியது, சிலுவை, மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல். இயேசுவின் கதையே ஹோரஸிடமிருந்து திருடியது என்பது அதன் வாதம்.

"ரெண்டு வருஷமா இது என் மனசுல கெடக்கு அத்தை. அப்பாகிட்ட கேட்டா அடிக்க வருவாரு."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ரெண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானே என்றுதான் இருந்தது. "மூணு ராஜான்னு மத்தேயுவுல எங்க இருக்கு?" என்று கேட்டேன். யோசித்தான். கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது. எத்தனை பேர் என்றும் இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாம் போட்ட கிரீடம் அது. சுவிசேஷத்திலேயே இல்லாத ஒன்றைச் சுவிசேஷம் திருடியது என்று எழுதியவர், எகிப்தின் ஏட்டையாவது திறந்து பார்த்திருப்பாரா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

ஜனவரி 2, வியாழன். சக்காரா

உனாஸ் பிரமிடுக்குள் இறங்கினோம். குனிந்தே போகவேண்டிய சரிவு. முழங்கால் இப்போதும் வலிக்கிறது. உள்ளே நிமிர்ந்ததும் வலி மறந்துபோயிற்று. சுவர் முழுவதும் மேலிருந்து கீழாக எழுத்துப் பத்திகள். செதுக்கின பள்ளத்தில் நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே கூரை நிறைய நட்சத்திரங்கள். கி.மு. 24ஆம் நூற்றாண்டு. எகிப்தியச் சமய உரைகளில் இன்று நம் கைக்குக் கிடைத்தவற்றில் இதற்கு மூத்தது இல்லை.

உனாஸுக்குப் பின்வந்த மன்னர்களும் தங்கள் பிரமிடுகளில் இந்த உரைகளை எழுதிக்கொண்டார்கள், சில சேர்த்தும் எழுதினார்கள். அப்படி ஒன்றில் ஹோரஸ் கருவான விதம் ஒளிவுமறைவு இல்லாமல் வருகிறது: ஐசிஸ் அன்போடு வருகிறாள், ஒசிரிஸோடு கூடுகிறாள், அவன் வித்து அவளுக்குள் போகிறது. ஐசிஸ் ஒசிரிஸின் மனைவி. ஒசிரிஸை அவன் தம்பி சேத் கொன்றபின், அந்த உடலிலிருந்தே அவள் கருத்தரிக்கிறாள். அபிதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில், படுத்திருக்கும் ஒசிரிஸின்மேல் ஐசிஸ் பறவையாக இறங்குவதைச் செதுக்கியிருக்கிறார்கள். கிரேக்கரான புளுட்டார்க் கி.பி. 100ஐ ஒட்டி இந்தக் கதையை நீளமாக எழுதினார். சேத் உடலை 14 துண்டாக்கினான், குறியை மட்டும் மீன்கள் தின்றுவிட்டன, ஐசிஸ் அதற்குப் பதில் ஒன்று செய்தாள் என்கிறார்.

கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி நைல் நெடுக அவன் உடலைத் தேடி அலைந்த கதை இது. நெஞ்சைப் பிடிக்கிற கதை. இதை எடுத்து "கன்னி" என்று ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். மரியாளுக்கு மட்டுமில்லை, ஐசிஸுக்கும் செய்த அநியாயம் இது. அவள் அழுகையை அல்லவா பிடுங்கிக்கொண்டார்கள்!

ஜனவரி 3, வெள்ளி. கெய்ரோ

இன்று அவன் பக்கம் நியாயம் இருந்த நாள். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் எகிப்திய அருங்காட்சியகத்தில், மடியில் ஹோரஸை வைத்துப் பால் கொடுக்கும் ஐசிஸ் வெண்கலச் சிலைகள். பிறகு பழைய கெய்ரோவில், எகிப்தியக் கிறிஸ்தவர்களான கோப்த்துகளின் அருங்காட்சியகம். சக்காராவின் அப்பா எரேமியா மடத்திலிருந்து எடுத்துவந்த சுவர்மாடம் ஒன்று. அதில் மரியாள் குழந்தை இயேசுவுக்குப் பால் கொடுக்கிறாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு "சம்பந்தமே இல்லை" என்று சொல்ல என்னால் முடியாது. ஐசிஸ் வழிபாடு இந்த மண்ணில் அவ்வளவு சீக்கிரம் ஓயவில்லை. பிலே தீவின் ஐசிஸ் கோயிலை மூடியது ரோமப் பேரரசன் ஜஸ்டினியன், 6ஆம் நூற்றாண்டில். அதே காலத்தில் அதே நாட்டில் தூரிகை பிடித்தவன் கைக்கு, தாயையும் சேயையும் எப்படி உட்காரவைப்பது என்பது பழகிய காரியம். ஐசிஸ் படத்திலிருந்து நேராக வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கொஞ்சமாவது வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. உயிரைக் குறிக்கும் அங்க் சின்னத்தையும் கோப்த்துச் சபை சிலுவையின் ஒரு வடிவமாக எடுத்துக்கொண்டது. அங்கேயே கல்லில் பார்த்தோம்.

ஆனால் இது ஓவியனின் கைப்பழக்கம். நாலு சுவிசேஷங்களும் எழுதி முடித்து நூற்றாண்டுகள் கழித்து வந்தது. படம் வரைந்த விதம் ஒன்றுபோல இருந்தால், வரையப்பட்டவரின் வாழ்க்கையும் களவு என்று ஆகிவிடாது. "இத ஒத்துக்கிடுவீங்கன்னு நான் நெனைக்கல அத்தை" என்றான். உண்மையை ஒத்துக்கொள்ள நமக்கென்ன பயம்?

ஜனவரி 4, சனி. லக்சர்

ராத்திரி ரயில். தூக்கம் இல்லை. பெயர் விஷயங்களை ரயிலிலேயே பேசித் தீர்த்தோம்.

அந்தப் படத்தில் இருப்பதில் பெரும்பகுதிக்கு ஊற்று ஜெரால்ட் மாசி என்ற ஆங்கிலக் கவிஞர். 1828இல் படகுக்காரர் வீட்டில் பிறந்தவர், எட்டு வயதில் பட்டு ஆலைக்கு வேலைக்குப் போனவர், தானே படித்துத் தொழிலாளர்களுக்காகப் பாடியவர். அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் 1881 முதல் 1907இல் சாகும்வரை அவர் எழுதிய தடித்த எகிப்து நூல்களில், காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதெல்லாம் ஒரே வேர் என்று ஆகிவிடுகிறது.

எகிப்திய மொழியில் அடக்கத்தைக் குறிக்கும் 'கர்ஸ்த்' என்ற சொல்தான் 'கிறிஸ்து' ஆனது என்பார். கிறிஸ்தோஸ் என்பது எண்ணெய் பூசுவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது; மேசியாவின் மொழிபெயர்ப்பு. அந்த மொழிபெயர்ப்பு நடந்த இடமே எகிப்துதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதர்கள் நியாயப்பிரமாணத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, லேவியராகமத்தில் அபிஷேகம் பெற்ற ஆசாரியனுக்குப் போட்ட சொல் அது. அடக்கத்துக்கும் பிணத்துக்கும் அங்கே இடமே இல்லை.

'ஐசிஸ் மெரி' என்ற பெயர்தான் மரியாள் ஆனது என்பதும் அப்படித்தான். 'மெரி' என்றால் பிரியமான. ராம்சேஸுக்குக்கூட 'மெரி ஆமூன்', ஆமூனுக்குப் பிரியமானவன், என்று பட்டம் உண்டு. மரியாள் என்பது மோசேயின் அக்காள் மிரியாமின் பெயர். இயேசு காலத்து யூதேயாவில் தெருவுக்கு நாலு மரியாள் இருந்திருப்பார்கள். இயேசு எழுப்பிய லாசருவின் பெயர் 'எல் ஒசிரிஸ்' என்பதிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. அது எலெயாசார், ஆரோனின் மகன் பெயர், தேவன் உதவினார் என்று பொருள். கடைசியில் ஒட்டும் 'ஒஸ்' கிரேக்க விகுதி. எகிப்தியர் வாயில் ஒசிரிஸுக்கே அந்த 'இஸ்' கிடையாது, அதுவும் கிரேக்கர் ஒட்டியது. ஒட்டை ஒட்டோடு பொருத்தி ஒருவரை உயிரோடு எழுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் லக்சர் கோயில். கருவறைக்குக் கிழக்கே மூன்றாம் அமென்ஹோதெப்பின் பிறப்பு அறை. இதைத்தான் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஷார்ப் என்ற ஆங்கில எகிப்தியலாளர் கிறிஸ்து பிறப்போடு ஒப்பிட்டார். புடைப்புகள் தேய்ந்துவிட்டன; விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கோடு தெரிகிறது. ஆமூன் தெய்வமும் அரசி முதெம்வியாவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், முழங்கால்கள் ஒன்றையொன்று தாண்டியிருக்கின்றன, கீழே இரண்டு தேவியர் தாங்குகிறார்கள். ஆமூன் அவள் கணவனின் உருவில் வந்தான், அரண்மனையில் தூங்கியவள் தெய்வ மணத்தில் விழித்தாள், அவன் விருப்பப்படி அவளோடு இருந்தான் என்று எழுத்து சொல்கிறது. அடுத்து, குனூம் தெய்வம் குயவன் சக்கரத்தில் குழந்தையையும் அதன் 'கா' என்ற உயிர்ச்சாயலையும் வனைகிறது. தோத் தெய்வம் அரசிக்குச் செய்தி சொல்கிறது.

அரசன் தெய்வத்தின் பிள்ளை என்று நாட்டுக்குக் காட்டச் செதுக்கியது இது. பார்வோனாக ஆண்ட அரசி ஹட்செப்சுத்தும் தன் கோயிலில் இதையே செய்துகொண்டாள். முதெம்வியா மணமான பட்டத்து வீட்டுப் பெண். நாசரேத்தூர்த் தச்சனுக்கு நிச்சயித்த ஏழைப் பெண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஹோரஸின் பெயர்கூட இந்தக் காட்சிக்கு வேண்டியதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு. எட்ஃபூ போய்த் திரும்பி

லக்சருக்குத் தெற்கே 100 கிலோமீட்டருக்கும் மேல். கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடித்த ஹோரஸ் கோயில். ஹோரஸ் யாரென்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. "லிஸ்ட்டக் கையில வச்சுக்கிட்டே நடப்போம்" என்று நான்தான் சொன்னேன்.

மேற்கு மதிலின் உள்முகத்தில் ஹோரஸ் படகில் நின்று ஈட்டியால் நீர்யானையைக் குத்துகிறார். நீர்யானைதான் சேத். அதை முயல்குட்டி அளவுக்குத்தான் செதுக்கியிருக்கிறார்கள். பெரிதாகச் செதுக்கினால் தீமைக்குப் பலம் வந்துவிடும் என்று பயம். குனிந்து தேடித்தான் அவன் கண்டுபிடித்தான். ஆண்டுதோறும் இதை இங்கே நாடகமாகவே நடத்தினார்கள், பத்து ஈட்டிகள், பத்துக் குத்து. ஹோரஸ் தகப்பனுக்காகப் பழிவாங்கி அரியணையை மீட்டவர். சத்துருவை நேசி என்றவர் அல்ல.

சிலுவை எங்கும் இல்லை. குழந்தை ஹோரஸைத் தேள் கொட்டிய கதை உண்டு. ஐசிஸ் கதறுகிற கதறலில் சூரியனின் படகே நின்றுபோகும், தோத் இறங்கிவந்து விஷத்தை இறக்குவார். அந்த மந்திரம் பொறித்த கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி, கடிபட்டவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பிள்ளையைக் காக்க ஊர் நம்பிய மருந்து. 12 சீடர்களும் இல்லை. ஹோரஸின் பிள்ளைகள் நாலு பேர், பதப்படுத்திய உடலின் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் வைத்த ஜாடிகளுக்குக் காவல். ஹோரஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தலை இழந்தவர் என்று அவர்கள் சொல்லும் அனுபிஸ், உடலைப் பதப்படுத்தும் தெய்வம். அவர் யாரையும் நதியில் முழுக்கவில்லை, யாரும் அவர் தலையை வெட்டவுமில்லை. ஹோரஸும் தோத்தும் அரசன் தலையில் நீர் ஊற்றும் காட்சி பல கோயில்களில் உண்டு, நீரே சின்னச் சின்ன அங்க் கண்ணிகளாக விழும். அதில் நீர் வாங்குகிறவன் பார்வோன், ஊற்றுகிறவர் ஹோரஸ்.

ஒசிரிஸ் எழுந்தாரா என்று கேட்டான். எழுந்தார், ஆனால் கீழுலகத்துக்கு ராஜாவாக. உயிர்த்தெழுந்த இயேசுவைப்போலப் பூமிக்குத் திரும்பி யாரோடும் மீன் சாப்பிடவில்லை. அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜனவரி 7, செவ்வாய், விடியற்காலை 3 மணி. லக்சர்

கோப்த்துக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்தோம். தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கைத்தாளம், முக்கோணம், சாம்பிராணிப் புகை. பக்கத்திலிருந்த பெண்ணின் வலது மணிக்கட்டு உள்பக்கத்தில் சின்னச் சிலுவை பச்சைகுத்தியிருந்தது. 43 நாள் உபவாசத்தின் கடைசி ராத்திரி இது.

வாசலில் ஒரு நாட்காட்டி தொங்கியது: கியாக் 29, 1741. 1741 என்பது ரோமப் பேரரசன் தியோக்கிலேத்தியன் பட்டமேறிய கி.பி. 284இலிருந்து எண்ணுவது, அவன் கொன்ற இரத்தசாட்சிகளின் நினைவாக. கியாக் என்பதோ பழைய எகிப்திய மாதம். கோயில்காரர்கள் ஒசிரிஸின் விழாவை நடத்திய மாதம்! அவனே சொன்னான், "அத்தை, இதுதானே பாயின்ட்?"

அதனால்தான் அவனோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். தெந்தேரா கோயிலின் கல்வெட்டுப்படி, அந்த மாதத்தில் மண்ணும் பார்லியும் கலந்து ஒசிரிஸ் உருவம் செய்து, நீர் தெளித்து முளைக்கவிட்டு, மாதக் கடைசியில் அடக்கம் செய்வார்கள். பிறப்பு விழா அல்ல, சாவுச் சடங்கு. ஹோரஸ் பிறந்தநாள் என்று டிசம்பர் 25ஐ எந்த எகிப்திய உரையும் சொல்லவில்லை. குழந்தை ஹோரஸ் பகல் மிகக் குறுகும் நாளை ஒட்டிப் பிறந்ததாக புளுட்டார்க் எழுதியது உண்டு, அவர் கி.பி. காலத்தவர். பழைய எகிப்திய ஆண்டுக்கு 365 நாள்தான், லீப் நாள் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் எனப் பருவத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போகும். ரோமர் வந்து, அகஸ்துஸ் காலத்தில்தான் அதை நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும்விட பெரிய சாட்சி, ஆதிச் சபையின் ஆசிரியரான அலெக்சாந்திரியா கிளமெந்து. ஹோரஸைக் காப்பியடித்திருந்தால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது அந்த ஊருக்கு. கி.பி. 200ஐ ஒட்டி அவர் எழுதுகிறார்: இயேசு பிறந்தது பாகோன் 25 என்று சிலர், பர்மூத்தி 24 அல்லது 25 என்று சிலர். அதாவது மே மாதம், ஏப்ரல் மாதம்! டிசம்பர் 25 முதலில் தெளிவாகக் கிடைப்பது ரோமாபுரியில், 354ஆம் ஆண்டுப் பட்டியலில். அலெக்சாந்திரியா அதை ஏற்றது 5ஆம் நூற்றாண்டில், கடைசி வரிசையில். ரோமின் தேதியைத் தங்கள் நாட்காட்டிக்கு மாற்றியபோது கியாக் 29 வந்தது. அவ்வளவுதான்.

"அப்ப டிசம்பர் 25 பைபிள்ல இல்லதானே?"

"இல்ல தம்பி. யாரும் தேதி எழுதி வைக்கல."

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண் உள்ளங்கை அளவு வட்ட ரொட்டி ஒன்றை என் கையில் வைத்தாள். குர்பான். அரபியில் என்னவோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இன்னும் சூடு இருந்தது. விளக்கடியில் நின்று பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய சிலுவை, சுற்றிலும் சின்னச் சின்னச் சிலுவைகள், ஆணிகளுக்கும் ஈட்டிக்கும் முள்முடிக்கும் ஐந்து துளைகள். அவன் சின்னதை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பன்னிரண்டு. அப்போஸ்தலர்கள்.

பிட்டு எனக்குப் பாதி கொடுத்தான்.